உள் ஷெல்ஃபும் என் வயிற்றெரிச்சலும்

மெடிக்கல் கடைக் கவுன்டருக்கு உள்பக்கம் நிற்கிறவளுக்கு ஒரு வியாதியும் வரக்கூடாது. வந்தால், மருந்து எந்த ஷெல்ஃபில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், எடுக்கத்தான் கை வராது.

நான் போர்ட் பிளேரில் பஜாரை ஒட்டிய ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். பெயர் மல்லிகா. ஐம்பதைத் தாண்டிய சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதாமாதம் வருவது நின்றால் தொல்லை விட்டது என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன். நின்றபிறகுதான் தெரிந்தது, அது போகும்போது தூக்கத்தையும் பொறுமையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பதிலுக்கு ஒன்றை விட்டுப்போனது. யாரைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாக வந்தது.

முதுகைத் திருப்புகிற வழக்கம்

எங்கள் கடையில் உள் ஷெல்ஃப் என்று ஒன்று உண்டு. வெளியே இருமல் மருந்தும் பேதி மாத்திரையும் இருக்கும். பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற சாமான்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் உள்ள ஷெல்ஃபில். கவுன்டரில் நிற்பது நானும் ஜெயந்தியும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தியிடம் யாராவது உள் ஷெல்ஃப் சரக்கு கேட்டால், மற்றவள் உடனே முதுகைத் திருப்பிக்கொண்டு இருமல் மருந்துகளை அடுக்க ஆரம்பிப்பாள். வருகிறவள் கூச்சமில்லாமல் பேசிவிட்டுப் போகவேண்டும் என்பதற்காக. ஊர் சின்னது பாருங்கள். இன்றைக்குக் கடையில் பார்த்தவளை நாளைக்குக் கோயிலில் பார்க்கவேண்டும்.

ஜெயந்திக்கும் என் வயசுதான், மாதக்கணக்கில் நான் மூத்தவள் என்பதால் அக்கா என்பாள். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளைப் பார்த்தால் உங்களுக்கும் எரியும். வெளிர் நிறச் சேலையில் பயமில்லாமல் வருவாள். வேர்க்காது. நான் இன்சுலின் எடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பேன்; அவள் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லுவாள். கடைக்குக் கழிவறை பின்சந்தில், அதுவும் தண்ணீர் வருகிற நாளில்தான் உபயோகம். நான் காலையிலிருந்து அந்தச் சந்துக்கு நடையாய் நடப்பேன். போனால் நாலு சொட்டு, நெருப்பாய். அவள் காலையில் நின்ற இடத்திலேயே சாயங்காலம்வரை சிரித்தபடி நிற்பாள்.

ஞாயிறு கடை லீவு. திங்கட்கிழமை எனக்கு ஒரு பை நிறைய வெண்டைக்காயும் கீரையும் கொண்டுவருவாள். விம்பர்லிகஞ்சில் நாத்தனார் வீடாம், தோட்டமாம், ஃபெர்ரி ஏறிப் போய்வருவாளாம். எனக்கு நாத்தனார் என்றால் ஃபோனில் குறை சொல்கிற குரல்தான். இவளுக்கு மட்டும் கீரை கொடுக்கிற நாத்தனார்! அந்தக் கீரையைத் தின்றுதான் இப்படி இருக்கிறாள் என்று முடிவுகட்டி, என் வீட்டில் தினமும் கீரை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன், உனக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்லையா என்று. இருமல் மருந்தை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “எனக்கென்னக்கா, ஓடுது.”

பாராடாங்கிலிருந்து வந்த புருஷன்

பாராடாங்கிலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு பெங்காலிக்காரர் வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும், கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு. டாக்டர் சீட்டை நீட்டினார். ஹார்மோன் கிரீம், பெண்கள் உள்ளே போடுகிறது. ஜெயந்தி வழக்கப்படி திரும்பிக்கொண்டாள். நான் கறுப்புக் கவரில் சுற்றி நீட்டினேன். மனிதர் வாங்கவில்லை. இதை எப்படிப் போடவேண்டும், எவ்வளவு, எந்த நேரத்தில் என்று ஹிந்தியில், கடைமுழுக்கக் கேட்கிற குரலில் விசாரித்தார். பீவி, அதாவது பெண்டாட்டி, வெட்கப்படுகிறாள், எனக்குச் சொல்லுங்கள், நான் போய் அவளுக்குச் சொல்கிறேன் என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று பற்பசை விளம்பரத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

கவரைப் பிரித்து, அளவு கோடு போட்ட அந்தக் குழலைக் காட்டி, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். நான் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே என் நெஞ்சுக்குள் புகைய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்குக் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும் என்று ஊருக்கே சொல்வார். வீட்டில் நான் ஏன் சமீபகாலமாக அவர் பக்கம் திரும்புவதில்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வலி என்று சொல்லக் கூசி, எனக்கு வேர்க்கிறது, நீங்கள் ஹாலில் படுங்கள் என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு போனவர்தான், மழைக்காலம் வந்தும் திரும்பவில்லை.

பாராடாங்காரர் பணம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “தர்த் உஸ்கோ ஹோதா ஹை தீதி, நீந்த் மேரி ஜாத்தி ஹை.” வலி அவளுக்காம், தூக்கம் போவது இவருக்காம். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள்மேல் எனக்குக் கோபம்.

திரும்பி வந்த வயசு

சரஸ்வதியம்மா பள்ளிக்கூட ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பிரஷர் மாத்திரைக்கு வருவார். ஒருநாள் மாத்திரையோடு நாப்கினும் கேட்டார். பேத்திக்கா என்றேன். முகமெல்லாம் வெட்கம். “எனக்குத்தான் மல்லிகா. நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு, திரும்ப வந்திருக்கு. டாக்டரே வேணாம், எனக்கு வயசு திரும்புதுன்னு இவரு லட்டு வாங்கிட்டு வந்துட்டாரு.”

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. இந்த வயசில் இவருக்குத் திரும்புகிறதா? எனக்குப் போனது போனதுதானா? பில் போட்டு, சில்லறைகூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒரு வருஷம் முழுசாக நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது வயசு திரும்புவது இல்லை, உடனே டாக்டர் பார்க்கவேண்டிய சங்கதி. படித்தது அது. பொறாமை வந்து கண்ணை மறைத்துவிட்டது. கவுன்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இறக்கி, எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் உட்கார்த்தினேன்.

ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி, சதைப் பரிசோதனை என்று வாரக்கணக்கில் அலைந்தார். நல்லவேளை, கர்ப்பப்பைக்குள் சின்னச் சதை வளர்ச்சி, கெட்டது ஒன்றுமில்லை, எடுத்துவிட்டார்கள். திரும்பக் கடைக்கு வந்தபோது என் கன்னத்தைத் தடவினார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “நீ இழுத்துட்டுப் போனது நல்லதுக்குத்தான். ஆனா அந்த ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு மல்லிகா.”

கேம்பல் பேக்குப் போன டப்பா

தீவுக்காரர்களுக்கு இது புதிதில்லை, மெயின்லேண்ட்காரர்களுக்குச் சொல்கிறேன். தூரத்துத் தீவுகளுக்கு அவசர மருந்து அனுப்ப, ஜெட்டிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்களில் நல்ல முகமாகப் பார்த்து, அண்ணா இதைக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள் என்போம். மறுக்கமாட்டார்கள். அந்தப்பக்கம் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும்.

தென்கோடியில் இருக்கிற கேம்பல் பே ஊரில் மாஜி ராணுவக் குடும்பத்து அம்மா ஒருவர், பஞ்சாபி. டாக்டர் அவருக்கு உள்ளே வைத்துக்கொள்கிற மாத்திரை எழுதியிருந்தார். தயிரில் இருக்கிறதே, அந்த ஜாதி நல்ல கிருமிகள் அடைத்தது. சூடு ஆகாது. சின்ன ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு வைத்து, ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரிடம் கொடுத்தேன். குளிர்ச்சியாக இருக்கவேண்டும், தயிர் மாதிரி பதார்த்தம் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது, அவ்வளவு பெரிய மீசையிடம்?

கடல் கொந்தளிப்பாம். மனிதருக்கு வழியெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. தயிர் வயிற்றுக்கு நல்லதுதானே என்று நினைத்தவர் டப்பாவைப் பிரித்து ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டார். இறங்கும்போது காலி ஃபிளாஸ்கை அந்த அம்மாளிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டிருக்கிறார், நன்றியும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எனக்கு ஃபோன் போட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தக் கரையிலிருந்து ஒருத்தி கூசாமல் கேட்டு வாங்குகிறாள். கைநீட்டினால் எட்டுகிற ஷெல்ஃபிலிருந்து எனக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள முடியவில்லையே என்று இருந்தது. அந்த அம்மா ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “தீதி, அடுத்த டப்பா அனுப்பும்போது மேலே பெரிசா எழுதிடுங்க, இது வயித்துக்கு இல்லேன்னு.”

மாடியில் வாங்கிய திட்டு

எனக்கு எரிச்சல் வரும்போதெல்லாம் நானே ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் போட்டுக்கொள்வேன். அடங்கும். அடுத்த மாதம் திரும்பும். வேறு பெயரில் இன்னொன்று போடுவேன். யாரும் கேட்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிற திமிர். ஒருமுறை எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. குளிர்க்காய்ச்சல் வந்து, இடுப்பு விண்விண்ணென்று தெறித்து, கடையில் நிற்கமுடியாமல் போனது. வேறு வழியில்லாமல் மாடி ஏறினேன்.

டாக்டரம்மா காரைக்குடிப் பக்கம். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஒரு வருஷமாக நான் விழுங்கியதையெல்லாம் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

“எளவயசுல அந்த எடத்துல நல்ல கிருமிங்க குடியிருக்கும், மல்லிகா. புளிப்பை உண்டாக்கி வேற எதையும் அண்ட விடாது. ஹார்மோன் குறைஞ்சா அதுகளுக்குத் தீனி இல்லாம போயிடும், ஒண்ணொண்ணா காலி பண்ணிடும். தோலும் மெலிஞ்சுடும். வலி, எரிச்சல், இன்ஃபெக்‌ஷன், எல்லாம் அதனாலதான். நீங்க என்ன பண்ணீங்க? மிச்சம் மீதி இருந்த நல்லதுகளையும் ஆன்டிபயாடிக் போட்டுத் தொரத்திட்டீங்க. குடல்ல இருக்கறதையும் சேர்த்து. அதான் வயிறும் உப்பிக்கிட்டு நிக்குது.”

இப்போதைக்கு வந்திருக்கிற காய்ச்சலுக்குச் சரியான மருந்து தந்தார். அது முடிந்ததும் தொடங்கச் சொல்லி, எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தக் கிரீமை எழுதினார். அதைப் போட்டால் அங்கே தோல் தேறும், ஓடிப்போன நல்லதுகள் மெல்லத் திரும்பி வரும், வலியும் குறையும், கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார். சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன். எனக்கு அப்போதும் ஒரே நினைப்புதான். என் வயசில் ஜெயந்தியிடம் மட்டும் அந்தக் கிருமிகள் வாடகை பாக்கியில்லாமல் குடியிருக்கின்றனவே! கதவுவரை போனவளை டாக்டரம்மா கூப்பிட்டார்: “தெனம் பத்துப் பேருக்குக் கிரீம் எடுத்துக் குடுக்கறீங்க, உங்க கைக்கு உங்களத் தெரியலையா?”

சௌல்தாரி பஸ்

சீட்டு கிடைத்தது. இனி அதை எங்கள் கடையில் யாரிடம் நீட்டுவது? கல்லாவில் முதலாளி. நானே எடுத்தாலும் பில் போடவேண்டும். ஜெயந்தியிடம் கேட்பதைவிடக் கடலில் குதிக்கலாம். ஒன்றுமே இல்லாதவளிடம் போய் எனக்கு இப்படி என்று நிற்பதா? யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி விம்பர்லிகஞ்ச் போய்விடுவாள். நான் அதற்கு நேர் எதிர்த்திசையில், சௌல்தாரிக்கு பஸ் ஏறினேன். அங்கே சந்தையை ஒட்டி ஒரு சின்ன மெடிக்கல் கடை உண்டு. என்னை யாருக்கும் தெரியாது.

கடைக்காரர் வயசான மலையாளி. சீட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கப்பல் லேட், சென்னைச் சரக்கு வரவில்லை, ஒரே ஒரு டியூப்தான் இருக்கிறது, அதுவும் ஒருவருக்காக எடுத்துவைத்தது என்றார். போர்ட் பிளேரிலிருந்து ரொம்ப நாளாக வந்து வாங்குகிற அம்மாவாம். இன்று வரவேண்டிய நாளாம். முகம்கூடத் தெரியாத அந்தப் பொம்பளைமேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. அவளுக்கென்று எடுத்துவைக்க ஓர் ஆள்! நான் இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு இல்லை. யாரய்யா அந்த மகாராணி என்று கேட்கக்கூட வாய் திறந்துவிட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, “தோ, வந்நுட்டாங்க” என்றார்.

திரும்பினேன். வெளிர் மஞ்சள் சேலை. கையில் பை நிறைய வெண்டைக்காயும் கீரையும். ஜெயந்தி.

இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டோம். நான் கடையிலிருந்த குழந்தைப் பவுடரைப் பார்த்தேன், அவள் தெருவைப் பார்த்தாள். அந்த மலையாளி என்ன நினைத்தாரோ தெரியாது.

“விம்பர்லிகஞ்ச்?” என்றேன் பவுடரிடம்.

“நாத்தனாரு மெயின்லேண்டு போயே வருசம் ஆச்சுக்கா. கீரை இங்க சந்தையில வாங்குறதுதான்.”

“கிரீம்?”

“ரெண்டு வருசம். எரிச்சல்ல செத்துப் பொழைச்சேன். வேற டாக்டருகிட்ட காட்டி, இங்க வந்து வாங்குறேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பீங்கன்னு.”

நான் சிரிப்பேனா! இந்தப் பொறாமைக்காரியைப் பார்த்து ஒருத்தி பயந்திருக்கிறாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். டியூபை வாங்கி என் கையில் வைத்து அழுத்தினாள். வீட்டில் அவளுக்குப் பாதி மிச்சமிருக்கிறதாம், கப்பல் வரும்வரை தாங்குமாம். சந்தையோரம் டீ குடிக்கும்போது சொன்னாள்: “ஒங்களப் பாத்துத்தான்க்கா எனக்குப் பொறாமை. எனக்கு வேர்க்குதுன்னு ஊரறிய ஃபிரிட்ஜைத் தெறந்துக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கும் உள்ளுக்குள்ள காந்தத்தான் செய்யுது; ஃபேனைக் கொறைக்கச் சொல்லி நடிக்கிறேன், அதைச் சொல்லக்கூடத் தைரியம் வரல.”

ஹாலில் இருந்த தலையணை

அன்றே வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். பாராடாங்காரருக்குச் சொல்லிக்கொடுத்த வாய்தானே, குழலைக் காட்டி, கோட்டைக் காட்டி, நல்ல கிருமி கெட்ட கிருமி எல்லாம் ஒப்பித்தேன். வலி என்ற சொல்லையும் சொன்னேன். அவர் கப்பல் அட்டவணை கேட்கிற முகத்தோடு முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஹாலிலிருந்து தலையணையை எடுத்துவந்து பழைய இடத்தில் போட்டார். “நான் கொறட்டை விடறேன்னு நீ தொரத்திட்டேன்னு நெனச்சேன் மல்லிகா. அதுக்குத்தான் இத்தன நாளா மூக்குக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டிருக்கேன்.” எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டேன், சௌல்தாரி இல்லை, நல்லவேளை.

இப்போது எங்கள் கடையில் நானும் ஜெயந்தியும் ஒருத்திக்கொருத்தி எடுத்துக் கொடுத்து பில் போட்டுக்கொள்கிறோம், யாரும் முதுகைத் திருப்புவதில்லை. அவள் என்னைவிட ரெண்டு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள் என்பதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.